எந்தக் கருவி போதும் என்பதே அளவுகோல்
அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக வீட்டிலேயே துப்பாக்கி செய்வதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும் என்பதும் என் வாதமல்ல. ஆனால், கிட்டாக விற்கப்படும் ஒரு பெட்டிக்குள் இருப்பது வெறும் உதிரிபாகமா, துப்பாக்கியா என்று தீர்மானிக்க, அதைச் சுடவைக்க என்ன கருவி தேவை என்று பார்ப்பதே நியாயம். கடைசல் இயந்திரமும் பல வருடக் கைப்பழக்கமும் வேண்டுமென்றால் அது தொழில். வீட்டு டிரில்லும் அரமும் போதுமென்றால் அது கடைச்சரக்கு. ஒரு கைத்துப்பாக்கிக் கிட்டை, அதை அதுவரை பார்த்தே இராத ஒருவர் சாதாரணக் கருவிகளை வைத்து 21 நிமிடத்தில் சுடத்தக்கதாக்கினார். 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் இதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய கிட்டுகளுக்கும் வரிசை எண்ணும் பின்னணிச் சோதனையும் கோரும் 2022ஆம் ஆண்டு விதியை 7-2 என்ற கணக்கில் ஏற்றது.

பொழுதுபோக்காளரின் சுதந்திரம் பறிபோகிறது என்கிறார்கள். ஏஆர்-15 ரைஃபிளை வீட்டில் பாகம் பாகமாகப் பொருத்துபவர்கள் பலர், வரிசை எண் பொறித்த அடிப்பாகத்தை உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சோதனைக்குப் பிறகே வாங்குகிறார்கள். டார்க் ஸ்பேனரை எடுத்துக் குழலை முடுக்கும் அவர்களின் இன்பத்தில் இந்த விதி கைவைக்கவில்லை. குற்றவாளி எப்படியும் வழி தேடுவான் என்பது இன்னொரு வாதம். தேடட்டும், அதற்காக வாசலைத் திறந்தா வைப்பது? தடம் அறியக் காவல்துறை அனுப்பிய வரிசை எண்ணில்லாத் துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600. 2021இல் 19,000க்கும் மேல். எண் இல்லாததைப் பெரும்பாலும் யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.