தீவு சிறிது, இழப்போ பெரிது!

குடிக்க நீரில்லாத மணல்திட்டுக்காக ஏன் இத்தனைக் கூச்சல் என்று தில்லி ஆட்சியாளர் கேட்பது புதிதன்று. 1961-இலேயே தலைமையமைச்சர் நேரு, இச்சிறு தீவைத் தாம் ஒரு பொருட்டாகக் கருதவில்லை எனக் கோப்பில் எழுதிவைத்தார். 1974 சூனில் இந்திரா காந்தியும் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டனர்; கச்சத்தீவு இலங்கைக்குப் போயிற்று.

இராமேசுவரத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கிடக்கும் அத்தீவின் பரப்பு 285 ஏக்கர். மணல், முட்புதர், அந்தோணியார் கோயில், குடியிருப்போர் இல்லை. உண்மைதான். ஆனால் உழவன் வரப்பின் மதிப்பை அதன் அகலத்தாலா அளக்கிறான்? வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் எத்தனைக் குழி நிலம் போகும் என்பதைத் தஞ்சை மண்ணில் அறியாதார் யார்? கச்சத்தீவு கடல்வயலின் வரப்பு! அது கைமாறவே, எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கல் தொலைவில் வந்து நின்றது.

தீவில் விளைவில்லை என்போர் கடலடியைப் பார்த்ததுண்டா? ஆங்கில ஆளுநர் பாக்கின் பெயரை இன்னும் சுமக்கும் அக்கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. கதிரொளி அடிவரை பாய்வதால் ஆங்கே கடற்புல் தழைக்கிறது. புல்லிடையே இறாலும் நண்டும் வளர்கின்றன, ஆவுளியா மேய்கிறது. அவ்வாவுளியாவுக்கென 2022-இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்தது, தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய கடலில்தான். மல்லிப்பட்டினத்தானுக்கும் சேதுபாவாசத்திரத்தானுக்கும் அதுவே நன்செய்!

1974 உடன்படிக்கை, தமிழக மீனவர் தீவுக்குச் சென்றுவரும் உரிமையையேனும் விட்டுவைத்தது. 1976-ஆம் ஆண்டு மடல்களோ மீன்பிடிப்பையே எல்லைக்கு அப்பால் தடுத்தன. பெருபாரி நிலத்தைக் கொடுக்க அரசியல்சட்டத் திருத்தம் வேண்டுமென்று 1960-இல் உச்ச நெறிமன்றம் கூறியிருந்தது. கச்சத்தீவுக்கோ திருத்தமும் இல்லை. தமிழகச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் கேட்கப்படவில்லை!

1924-ஆம் ஆண்டுக் காவிரி உடன்படிக்கை 50 ஆண்டில் முடிந்ததென்று கருநாடகம் கைவிரித்ததும் அதே 1974-ஐக் காட்டித்தான். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே வாழும் சோழநாட்டான் தலைமாட்டில் நீரை இழந்தான்; கால்மாட்டில் கடலை இழந்தான்.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. இழுவைமடிப் படகுகள் அக்கடற்புல்லை வேரோடு அரிக்கின்றன. ஈழத்து மீனவனின் வலையையும் கிழிக்கின்றன. அவனும் தமிழனே! தமிழனைத் தமிழனோடு மோதவிட்டுக் கொழும்பும் தில்லியும் கைகட்டி நிற்க இடந்தரலாமா?

தீவை மீட்கக் கோரி 2025 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் இயற்றியது. தாள் போதாது. இழுவைமடியை ஒழித்து, இருகரைத் தமிழ் மீனவரும் ஒன்றாய் அமர்ந்து கடலுக்கு முறை வகுக்கட்டும். அம்முறையைக் கையிலேந்தித் தீவைக் கேட்கும் குரலைத் தில்லி புறந்தள்ள இயலாது!