ஃபால்ஸ் சீலிங் வெயிலைத் தடுக்காது



போன வாரம் நம் விம்கோ நகரில் பழைய மாணவர் ஒருவரின் கிரகப்பிரவேசம். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, அடியில் பிவிசி ஃபால்ஸ் சீலிங் அடித்து ஓர் அறை. "அம்மாவுக்கு சார்" என்றார். காலை 11 மணிக்கே ஃபேன் அனலைத்தான் சுழற்றியது. "ஏசி போட்டுடலாம் சார்" என்றார். விசேஷ வீட்டில் சண்டை வேண்டாமென்று வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு. மூன்றையும் எழுதி மார்க் வாங்கினீர்களே, வீடு கட்டும்போது ஏன் மறந்தீர்கள்? காய்ந்த தகரம் சீலிங்கைச் சுடுகிறது; சீலிங் நம் தலையைச் சுடுகிறது. இடையில் மாட்டிய காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. குளிர்நாடுகளில்கூட இப்படிப்பட்ட கூரைக்குள் காற்றுவழி விடுகிறார்கள், ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகக் கூடாதென்று. கடற்காற்று வீசும் ஊரில் நாம் அடைத்து வைக்கிறோம்!

"ஓட்டை விட்டால் கொசு வரும், மணலிப் புகை வரும்" என்பீர்கள். அந்தக் காற்று ஓடுவது சீலிங்குக்கு மேலே, அறைக்குள் அல்ல. கொசுவுக்கு வலை அடியுங்கள்.

கான்கிரீட் வீட்டுக்காரர்களும் சிரிக்க வேண்டாம். தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி கக்குகிறது. தடுப்பு தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து அடித்து, மேலே தட்டோடு பதித்தார்கள் நம் பெரியவர்கள். அதை மிச்சம் பிடித்துவிட்டு, கீழே சீலிங்குக்குச் செலவழிக்கிறோம்.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டது. 2024-இல் நம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடரை நாம் காசு கொடுத்துத் தலைக்குமேல் கட்டிக்கொள்கிறோம்!

தம்பி, நீ இதைப் படிப்பாய். ஏசி வாங்குமுன் ஷீட்டுக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடி. சீலிங்குக்கு மேலே கிழக்கிலும் மேற்கிலும் சுவரில் திறப்பு விடு. சீலிங் மேல் ராக்வூல் பரப்பு. அதுவரை அம்மா கீழ் அறையில் இருக்கட்டும். மே மாத மதியத்தில் கரண்ட் போனால் உன் ஏசி வெறும் பெட்டி. அம்மாவால் தனியாக மாடி இறங்கவும் முடியாது.

திட்டுவதாக நினைக்காதே. பாடம் நடத்தியவன் நான். பரீட்சை இப்போதுதான் வந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்