ஜாடியின் முதற்பயன்

கச்சிராயபாளையம் முதலிய கல்வராயன் மலையடிவார ஊர்களில் வேலைப்பாடமைந்த பழைய பீங்கான் ஜாடி ஒன்று கிடைக்குமாயின், அதனை ‘ஊறுகாய் ஜாடி’ எனப் பதிவது கள ஆய்வாளர்க்கு எளிது. அப்பெயர் கலத்தின் கடைசிப் பயனைக் குறிக்குமேயன்றி முதற்பயனைக் காட்டாது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா, கடற்பயணத்திற்கென உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைந்த ‘மர்தபான்’ ஜாடிகளைப் பெற்றதாக எழுதினார். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலிலோ, பெரிய ஜாடிகளுக்குள் சாங்ஷா கிண்ணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கு ஜாடி வெறும் சிப்பம்.

ஆகவே தோளிலுள்ள பூவேலையைக் காட்டிலும் அதனருகே அமைந்த சிறு காதுகளே ஆராயத்தக்கவை. வாய்மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட அவை உதவும். அவற்றினும் முதன்மையானது உட்புறப் படிவு. சாதாரண மண்பானை எண்ணெயை உறிஞ்சித் தன்னுள் காக்கும். ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் கல்போல் இறுகச் சுட்ட கலம் அவ்வாறு உறிஞ்சுவதில்லை. அதன் சான்று மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஒருமுறை புளியிட்டுத் துலக்கினால் அதுவும் போயிற்று. கலத்தைக் கழுவிப் படமெடுத்த பின்னர் அதன் பயனை ஊகிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.