பெட்டியின் மேல் கையெழுத்து

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் நண்பர்களுக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. மௌனம், எளிமை, வெறுமை. கேட்டால், படித்திருப்பது ஒரே புத்தகம்: ஒகாகுரா காகுஸோ 1906இல் இங்கிலீஷில் எழுதி நியூயார்க்கில் வெளியிட்ட ‘தேநீர்ப் புத்தகம்’. மேற்கத்தியர் முன் கீழை நாடுகளுக்காக வாதாடிய புத்தகம் அது. வக்கீல் தன் கட்சிக்காரனின் கணக்குப் புத்தகத்தைக் கோர்ட்டில் விரித்துக் காட்டமாட்டான்.

சென் னோ ரிக்யூ (1522–1591) ஸகாய் துறைமுகத்து வியாபாரி. ஓடா நொபுநாகாவுக்கும், பின்பு ஹிடெயோஷிக்கும் தேநீர் ஆசான். நொபுநாகா பெயர்பெற்ற ஜாடிகளையும் கிண்ணங்களையும் அதிகாரத்தால் திரட்டி, தளபதிகளுக்குப் பரிசாகக் கொடுத்தான். ஹிடெயோஷி, தங்கம் போர்த்திய, கழற்றி மாட்டக்கூடிய தேநீர் அறை ஒன்றை 1586இல் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கே கொண்டுபோனான். ரிக்யூவினுடையதாகக் கருதப்படும் தாய்-ஆன் அறையோ இரண்டு பாய் அகலம். மண்சுவர். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். இரண்டு அறைகளும் ஒரே அதிகாரத்தின் நிழலில் நின்றவை என்பதை மறந்துவிட்டு எளிமையைப் பற்றிப் பேசுவது வெறும் சப்பைக்கட்டு. 1591இல் ஹிடெயோஷி ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னான். காரணம் இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது.

ரிக்யூவிடம் எனக்குப் பகை இல்லை. அவரை ஒரு விமர்சகராகவே பார்க்கிறேன். சீனத்துப் பாண்டங்களுக்கு மதிப்பிருந்த காலத்தில் மூங்கிலை வெட்டிப் பூச்சாடி ஆக்கினார். சோஜிரோவைக்கொண்டு, சக்கரம் இல்லாமல் கையாலேயே கிண்ணம் செய்வித்தார். தன் கண்ணை நம்பினார். என் சண்டை அவருக்குப் பின்னால் வந்த ஸ்தாபனத்தோடு. பேரன் ஸோதானின் பிள்ளைகள் வழியாக மூன்று வீடுகள், வீட்டுக்கொரு தலைவர், பதவி அப்பனிடமிருந்து மகனுக்கு. மாணவன் படிப்படியாகக் கட்டணம் கட்டி அனுமதிப் பத்திரம் வாங்கவேண்டும். ஒரு கிண்ணம் நல்லதா என்பதற்கு அத்தாட்சி, அதை வைக்கும் மரப்பெட்டியின் மேல் தலைவர் எழுதித்தரும் எழுத்து. காசோலையின் மேல் கையெழுத்தைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ரசனைக்கும் அதே உத்தியோகம்தானா?

டாய்டோகுஜி மடத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. கொரியாவில் வனைந்தது, இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். யானகி ஸோயெட்ஸு 1931இல் அதைப் பார்த்தபோது பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து எடுத்தார்கள். சாதாரண மனிதன் சோறு தின்ற கிண்ணம் என்று அவர் வியந்து எழுதினார். அதன் பெயர் ‘கிஸாயெமோன்’. அது செய்தவன் பெயர் அல்ல, வைத்திருந்த வியாபாரியின் பெயர். ஹிடெயோஷியின் படைகள் 1592இலிருந்து 1598 வரை கொரியாவைச் சூறையாடி, குயவர்களையே கப்பலேற்றிக் கொண்டுவந்தன. அரிதாவிலும் ஹாகியிலும் சூளைகள் அப்படித்தான் எழுந்தன. இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, குயவன் அழகைப் பற்றி எண்ணாமலே செய்தான், அதனால்தான் அது அழகு என்கிறார் யானகி. நம் நண்பர்கள் இதற்கும் தலையாட்டுகிறார்கள். அவன் எண்ணவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது?