பூச்சாண்டி யார்?



ஊரெல்லாம் மடிந்து ஒருவன் மட்டும் மிஞ்சினால் அவன் எவ்வாறு வாழ்வான் என்னும் கற்பனை மேல்நாட்டு இலக்கியத்தில் மிகப் பழையது. கொள்ளைநோயால் மனிதகுலமே அற்றுப்போவதை மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி 1826லேயே நாவலாக எழுதிவிட்டார். அந்த வரிசையில் வந்த நூல்களுள், திரைப்படம் எடுப்போரை விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்றைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மேத்திசன் 1954ல் வெளியிட்ட ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்பதே அந்நூல். 1964லும் 1971லும் 2007லும் அது திரைக்கு வந்தது. மூன்றாவது படத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்த்திருக்கக்கூடும். ‘இதென்ன பேய்ப் படம்!’ என்று நீங்கள் கடிந்துகொண்டும் இருக்கலாம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் நூல் வெறும் பேய்க்கதை அன்று.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராபர்ட் நெவில் என்றொரு தொழிலாளி. நோயொன்று பரவி மக்கள் மாண்டுபோகிறார்கள். மாண்டவர்களில் பலர் இரத்தக் காட்டேரிகளாக இரவில் எழுந்து அலைகிறார்கள். அவனுக்கு மட்டும் நோய் தொற்றவில்லை. அவனுடைய சின்ன மகளின் உடலை, அரசாங்கம் மூட்டிய பொதுத் தீக்குழியில் போட்டுவிடுகிறார்கள். மனைவிக்கும் அந்தக் கதி நேரக்கூடாதென்று, யாருமறியாமல் தன் கையாலேயே அவளை அடக்கம் செய்கிறான். அவளோ இரவில் வாசலுக்கே திரும்பி வருகிறாள். ஒரு ஜனாஸாவை முறைப்படி மண்ணில் வைக்க முடியாமற்போவது எத்தகைய துயரம் என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா நாட்களில் கண்ட நம் வீடுகளுக்கு, இந்தப் பக்கங்களை நான் விளக்கத் தேவையில்லை.

இரவானால் அவன் வீட்டைச் சுற்றிக் கூட்டம். ஒருகாலத்தில் அண்டை வீட்டுக்காரனாயிருந்த பென் கார்ட்மன், அவனைப் பெயர் சொல்லி வெளியே வரும்படி கூவிக்கொண்டே இருப்பான். நெவில் கதவு சன்னல்களுக்குப் பலகை அடித்து, வெள்ளைப்பூண்டைத் தொங்கவிட்டு உள்ளே கிடப்பான். பகலில் அவன் முறை. அவை உறங்கும் நேரத்தில் வீடு வீடாகச் சென்று நெஞ்சில் மரமுளை அடித்துக் கொல்வான். இடையில் நூலகத்துக்குப் போய் நூல்களை வாரிக்கொண்டு வந்து, நுண்நோக்காடி வைத்து, இது பேயுமன்று பிசாசுமன்று, ஒரு கிருமி என்று கண்டறிகிறான்.

இங்கே ஒரு சுவையான செய்தி. காட்டேரிகள் சிலுவைக்கு அஞ்சும் என்பது மேல்நாட்டுப் பழங்கதை. மேத்திசனின் நாயகன் அதை அப்படியே ஏற்பதில்லை. யூதனோ இந்துவோ முஸ்லிமோ ஏன் சிலுவைக்கு அஞ்சவேண்டும் என்று கேட்கிறான். யூதனான கார்ட்மனோ தவ்ராத்தைக் கண்டுதான் மிரள்கிறான். எதை மதித்து வாழ்ந்தானோ அதன் முன்னேதான் ஒருவன் நிற்கக் கூசுவான் என்பது ஆசிரியரின் விளக்கம். காட்டேரிக்கும் ஒரு மனம் உண்டு என்று அவர் நமக்குச் சொல்லத் தொடங்கும் இடம் இது. படங்கள் இதைக் கண்டுகொள்ளவேயில்லை.

பிறகு ஒருநாள், பட்டப்பகலில் ஒரு பெண் எதிர்ப்படுகிறாள். பெயர் ரூத். அவள் மூலமாகவே அவனுக்கும் நமக்கும் உண்மை தெரிகிறது. நோயுற்றோர் அனைவரும் செத்தவர்கள் அல்லர். உயிரோடிருந்தவர்கள் மாத்திரையொன்றால் நோயை அடக்கி, புதியதொரு சமூகமாக வாழத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் செத்தவர்களைப் போலவே அவர்களும் பகலில் அசைவின்றி உறங்குவார்கள். நெவில் மரமுளையோடு போன வீடுகளில் அவர்களும் கிடந்தார்கள். ரூத்தின் கணவனும் அப்படித்தான் இறந்தான்.

இறுதியில் அவனைப் பிடித்துச் சிறை வைக்கிறார்கள். சன்னல் வழியே பார்க்கிறான். கீழே கூடியிருந்தவர்கள் அவன் முகத்தைக் கண்டதும் நடுங்கி ஒடுங்குகிறார்கள். யார் உறங்கும்போது வருவான், யார் வந்துபோனால் காலையில் பிணம் கிடக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்களோ, அவன் இவன்தான். நம் ஊரில் பிள்ளைக்குச் சோறூட்டும் தாய் ‘பூச்சாண்டி வருகிறான்’ என்பாளே, அந்தப் பூச்சாண்டி அவர்களுக்கு இவன்! நூலின் பெயருக்கே பொருள் அங்கேதான் விளங்குகிறது. இத்தனை பக்கங்கள் அவனோடு கூடவே கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த வாசகருக்கு அது எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இந்த ஓரிடத்தைத்தான் திரைப்படங்கள் தாங்கிக்கொள்ளவில்லை.

1964ல் வந்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ ஓரளவு நெருங்கி வந்தது. இத்தாலியில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். வின்சென்ட் பிரைஸ் நடித்தார். மேத்திசனே முதலில் திரைக்கதை எழுதி, பிறர் அதை மாற்றியது பிடிக்காமல், தம் பெயரை நீக்கிப் புனைபெயரைப் போடச் செய்தார். எனினும் அந்தப் படத்தில்தான், மக்கள் தன்னைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைச் சாகும் தறுவாயில் நாயகன் உணர்கிறான். அதற்குச் சற்று முன்பே அவர்களை இழிபிறவிகள் என்று ஏசியும் விடுகிறான் என்பது வேறு.

1971ன் ‘தி ஒமேகா மேன்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சார்ல்டன் ஹெஸ்டனின் துப்பாக்கியும் கருப்பு அங்கி அணிந்த வெளிறிய கூட்டமுமாகப் படம் ஓடுகிறது. முடிவில் அவர் கைகளை விரித்து, சிலுவையில் அறையுண்டவரைப் போல நீரூற்றில் கிடந்து, தம் இரத்தத்தால் பிறரைக் காக்கிறார். நூலில் எவனைக் கண்டு உலகம் நடுங்கியதோ, அவனைப் படத்தில் இரட்சகன் ஆக்கிவிட்டார்கள்.

2007ல் வில் ஸ்மித் நடித்த படம் இவ்விரண்டையும்விட வருத்தம் தருவது. ஏனெனில் அதை எடுத்தவர்களுக்கு விடை தெரிந்திருந்தது. புல் முளைத்த நியூயார்க் தெருக்களில் நாயொன்றைத் தவிரத் துணையில்லாத மனிதனாக ஸ்மித் செய்திருப்பது நல்ல நடிப்பு, மறுக்கமாட்டேன். அவர் ஆய்வுக்காக ஒரு பெண் ஜந்துவைப் பொறிவைத்துப் பிடிக்கிறார். அவளைத் தேடி வந்த ஆண், சுடும் என்று தெரிந்தும் வெயிலில் தலைநீட்டிக் கதறுகிறான். அதைப் பார்த்துவிட்டு, இவற்றிடம் மனித இயல்பு அடியோடு அற்றுவிட்டது என்று நம் விஞ்ஞானி பதிவு செய்துகொள்கிறார்! மனைவியைப் பறிகொடுத்தவனின் துடிப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தாடியும் தொப்பியும் திரையில் தோன்றினாலே பின்னணி இசை மாறிவிடும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தக் காட்சி சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

இதற்கேற்ற முடிவையும் படமாக்கினார்கள். அந்த ஆண் ஆய்வுக்கூடக் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சியின் வடிவத்தை வரைந்து காட்டுகிறான்; அது அந்தப் பெண்ணின் தோளில் பச்சை குத்தியிருக்கும் வடிவம். அவன் கேட்பது அவளை மட்டுமே. நெவில் ஆயுதத்தை வைத்துவிட்டு அவளை ஒப்படைக்கிறான், மன்னிப்பும் கேட்கிறான். சுவரில், தன் சோதனைகளில் இறந்தவர்களின் புகைப்படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை இப்போதுதான் அவன் கண்ணில் படுகின்றன. வெள்ளோட்டமாகப் பார்த்த இரசிகர்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லையாம். உடனே அதை மாற்றி, நெவில் வெடிகுண்டோடு பாய்ந்து அவர்களையும் தன்னையும் அழித்துக்கொண்டு, உலகுக்கு மருந்து அளிப்பதாக அமைத்தார்கள். திரையரங்குகளில் ஓடியது அதுவே. முந்தைய முடிவு 2008ல் டி.வி.டி.யில் வெளிவந்தது.

அந்தப் படத்தின் நோய், புற்றுநோயைத் தீர்க்க மாற்றியமைத்த அம்மைக் கிருமியால் வந்தது; தடுப்பூசியால் அன்று. அப்படியிருந்தும், கொரோனா ஊசி போட்டால் இந்தப் படத்தில் போல ஆகிவிடுவோம் என்று 2021ல் அமெரிக்காவிலேயே சிலர் வதந்தி பரப்பினர். திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவரான அகிவா கோல்ட்ஸ்மன், அது தாம் கற்பனையாகக் கட்டிய கதை என்று பதில் சொல்லவேண்டியதாயிற்று. திரையில் பார்த்தது மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தங்கிவிடுகிறது, பாருங்கள்.

அதே கோல்ட்ஸ்மன் 2023ல், இப்படத்தின் தொடர்ச்சியை எழுதவிருப்பதாகவும், திரையரங்கில் காட்டிய முடிவை விட்டு, ஒதுக்கிவைத்த அந்த முடிவிலிருந்தே கதையைத் தொடரப்போவதாகவும் அறிவித்தார். மேத்திசன் 2013லேயே காலமாகிவிட்டார். ஆங்கிலம் படிக்கும் மூத்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தப் படம் வரும்வரை காத்திராமல் நூலைத் தேடிக் கொடுங்கள். மெல்லிய புத்தகந்தான், ஆனால் சின்னஞ்சிறுவர்கள் கையில் வேண்டாம், கோரம் சற்று மிகுதி.