'நைசு' என்னும் ஒரு சொல்

தாம்பரம் சந்தைப் பக்கம் ஓர் அரைவை ஆலை. 'மிளகாய், மல்லி, மஞ்சள் நைசாக அரைத்துத் தரப்படும்' என அதன் பலகையில் எழுதியிருக்கக் கண்டோம். அச்சொல் நம்மை விடவில்லை.

மறுநாள் வகுப்பில் ஐந்து தொடர்களைக் கரும்பலகையில் எழுதினோம். மாவு நைசாக இருக்கிறது, துணி நைசாக இருக்கிறது, நைசாக நழுவிவிட்டான், நைசாகப் பேசிப் பணம் கறந்தான், பாட்டு நைசாக இருந்தது. ஐந்திடத்தும் தமிழ்ச்சொல் பெய்க என்றோம். பெரும்பாலோர் ஐந்திற்கும் 'நன்றாக' என்றே எழுதினர். நன்றாக நழுவிவிட்டானாம்! சிரிப்பு வந்தது, பின்பு வருத்தமே மிஞ்சியது. மாவுக்கு நுண்மை, துணிக்கு மென்மை, நழுவுதற்குக் கமுக்கம், பேச்சுக்குக் குழைவு, பாட்டுக்கு இனிமை என ஐந்து சொற்கள் வாழ்ந்த வீட்டில் ஓர் அயற்சொல் குடியேறியிருக்கிறது. வெளியேறியவற்றைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

ஆங்கிலத்திலும் இதன் வரலாறு நேரானதன்று. 'அறியாத' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லினின்று பிறந்து, பழம் பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் 'மடமையான' என்றே பொருள் தந்தது. பின்னர் நுணுகிப் பார்க்கும் தன்மையைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்றாயிற்று. 1817இன் இறுதியில் வெளிவந்த சேன் ஆசுட்டினின் 'நார்த்தாங்கர் அபி' புதினத்தில், எதற்கெடுத்தாலும் இச்சொல்லை வழங்குவதை ஒரு கதைமாந்தன் எள்ளுகிறான். பிறந்த வீட்டிலேயே எள்ளப்பட்டதற்கு நாம் பாய் விரித்திருக்கிறோம்.

குறை நம்மிடமும் உண்டு. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டதையும், அவர் வாழ்ந்த பல்லாவரத்தையும் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அயற்சொல் ஒன்றுக்குத் தமிழ் ஒன்று எனப் பட்டியலிட்டதும் பணி முடிந்ததென்று அமர்ந்துவிடுகிறோம். 'நைசு – நேர்த்தி' என்னும் பட்டியல் ஆலைக்காரருக்கு என்ன செய்யும்? ('நைதல்' நம் சொல்லாதலின் 'நைசு'ம் தமிழே என வழக்காடினார் அன்பர் ஒருவர். ஒலியொப்புமை உறவாகாது, ஐயா!)

சென்ற கிழமை அவ்வாலைக்கு மீண்டும் போனோம். 'நுண்மையாக' என எழுதலாமே என்றோம். "எழுதினால் யாருக்கு ஐயா விளங்கும்?" என்றார் உரிமையாளர். தூக்குவாளியோடு வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் குறுக்கிட்டார்: "மைய அரைச்சுக் குடுன்னுதானே நான் கேக்கறேன்?"

மைய! நாமோ அகரமுதலியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு முன் பலகைக்கு வண்ணம் தீட்டுவாராம். அப்போது மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார் உரிமையாளர்.