நாள்பட்ட தசைவலிக்கு ஊசி: எது, எப்போது?

தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து வரும் பக்தர்களில் பலர், கால்வலிக்கும் இடுப்புவலிக்கும் "ஓர் ஊசி போட்டால் போதும்" என்று கேட்பதுண்டு. திண்டுக்கல்லிலிருந்து நடந்தாலே ஏறத்தாழ 60 கி.மீ.; அதன் பிறகு மலைப்படிகள். இவ்வாறு வரும் வலி பெரும்பாலும் ஓய்வில் சில நாட்களில் தணியும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதே நாள்பட்ட வலி. இரண்டுக்கும் ஒரே ஊசியைக் கேட்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வலிக்கென்று இடுப்பில் போடப்படுவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். அது வலியைச் சில மணி நேரம் அடக்குமேயன்றி, அதன் காரணத்தைத் தீர்ப்பதில்லை. வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கும் அது வழிவகுக்கலாம். வெயிலில் நடந்து உடலில் நீர் வற்றியவருக்கு இந்த ஆபத்து கூடுதல். இடம் தவறிக் குத்தினால் காலுக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்படலாம். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டால் இரத்தச் சர்க்கரை உயரும். அடிக்கடி போட்டுக்கொண்டால் எலும்பும் வலுவிழக்கும். ஊசியில் என்ன மருந்து உள்ளது என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

தசைமுடிச்சு ஊசி என்பது வேறு. தோள், கழுத்து, முதுகுத் தசைகளில் இறுகிக் கிடக்கும் புள்ளியை மருத்துவர் விரலால் கண்டறிந்து, அங்கேயே சிறிதளவு லிக்னோகெயின் செலுத்துவார். மருந்தில்லாமல் ஊசிமுனையால் மட்டும் குத்தினாலும் சிலருக்கு வலி குறைகிறது. ஆகவே பயன் முழுவதும் மருந்தினுடையது என்று கூற இயலாது. இம்முடிச்சுகளில் ஸ்டீராய்டு சேர்ப்பதால் கூடுதல் பலன் உறுதிப்படவில்லை. விலை மிகுந்த போட்டுலினம் ஊசிக்கும் சான்றுகள் போதுமானவையாக இல்லை.

குறிப்பிட்ட காரணம் புலப்படாத நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு, உள்ளூர் மரப்பு ஊசிகளை வழக்கமான சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உடற்பயிற்சி, நோயாளிக்கான விளக்கக் கல்வி ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. தசைமுடிச்சு ஊசி தரும் தற்காலிக நிவாரணத்தையும், பயிற்சியைத் தொடங்கக் கிடைத்த இடைவெளியாகவே கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும்.

இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஊசிக்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். நெடுநடைக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினாலோ, கால் மரத்து வலுவிழந்தாலோ, வலி ஊசிக்காகக் காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.